காதுக்குள் எழும் மின்சாரம்: உட்செவிக் கோளாறுகளைக் கண்டறியும் பரிசோதனைகள்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கும்போது பர்லியாறு வருவதற்குள் பெரும்பாலோருக்குக் காது அடைத்துக்கொள்ளும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தின் உயரம் 300 மீட்டரை ஒட்டியே இருக்கும். இந்தச் சிறிய பயணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கூடிய அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளுகிறது. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் சிறிய குழாய் திறந்து உள்ளே காற்றை விட்டால்தான் இரு பக்கமும் சமமாகும். எச்சிலை விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ 'டப்' என்ற ஒலியோடு திறந்துகொள்வது அந்தக் குழாய்தான்.

இந்த அடைப்பு நடுச்செவியைச் சேர்ந்தது. வந்த வழியே போய்விடும். ஆனால் மலையில் வாழும் நமக்கு இது மிகவும் பழகிப்போனதாலேயே ஒரு தீங்கும் நேர்கிறது. நீலகிரியில் செவித்திறன் பரிசோதகராகப் பணிபுரிந்துவரும் எனக்கு, "கோயம்புத்தூர் போய் வந்தேன், அதிலிருந்து ஒரு பக்கம் அடைப்பு, பனிக்காற்றும் பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலருக்கு அது வெறும் அடைப்புத்தான். சிலருக்கோ கோளாறு செவிப்பறைக்கும் நடுச்செவிக்கும் அப்பால், எலும்புக்குள் புதைந்திருக்கும் உட்செவியில் இருக்கிறது. அதிலும் ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று, ஓரிரு நாட்களுக்குள் சரிந்துவிட்டால், அதை அவசர நிலையாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே, அதிகம் போனால் முதல் இரண்டு வாரங்களுக்குள், தொடங்கினால்தான் பலனை எதிர்பார்க்க முடியும். மூன்று வாரம் சுக்குக் காப்பி குடித்துக் காத்திருந்தவரிடம் இதைச் சொல்ல நேர்வது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு எளிய வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ரீங்காரம் செய்து பாருங்கள். அந்த ஒலி அடைத்த காதின் பக்கம் உரக்கக் கேட்டால், அடைப்பு பெரும்பாலும் வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கலாம். மாறாக, ஒலி நல்ல காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்டால், உட்செவியோ செவிநரம்போ பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ரீங்காரச் சோதனை ஓர் அறிகுறியைக் காட்டுமே தவிர, முடிவு சொல்லாது. இரு பக்கமும் சமமாகக் கேட்டாலும் காது கேட்காமல் இருப்பது உண்மையானால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவர் அடுத்து எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் ஆடியோமெட்ரி. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று குறித்து ஆடியோகிராம் வரைவோம். இது மிக நல்ல பரிசோதனை. இதற்கு மாற்று எதுவும் இல்லை. எனினும் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, கேட்டதும் பொத்தானை அழுத்த ஒருவர் வேண்டும். கைக்குழந்தையால் அது இயலாது. இரண்டாவது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும், குறை நடுச்செவியிலா அதற்கு அப்பாலா என்பதையும் இது சொல்லுமே தவிர, அந்த 'அப்பால்' என்பதற்குள் சரியாக எந்த இடம் பழுதாகியிருக்கிறது என்று சொல்லாது. உட்செவியின் திரவத்திலா, அதிலுள்ள செல்களிலா, அச்செல்களும் நரம்பும் கைகோக்கும் இடத்திலா, நரம்பிலா, மூளைத்தண்டிலா? இந்தக் கேள்விக்காகத்தான் காதில் எழும் மின்சாரத்தையே நேரடியாக அளக்கிறோம்.

'கரண்ட் வைத்துப் பார்ப்பார்களா?' என்று அச்சத்தோடு கேட்பவர்கள் அதிகம். இப்பரிசோதனைகளில் உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. காதுக்குள் ஒலியை மட்டுமே அனுப்புகிறோம்; அந்த ஒலிக்கு விடையாக உடல் தானே உண்டாக்கும் மின்சாரத்தைத் தோலின் மேல் ஒட்டிய எலக்ட்ரோடுகளால் பிடிக்கிறோம். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதும் இப்படித்தான்.

காதில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. பைக்காரா நீர் மலைமேல் தேங்கி, குழாய்களில் விழுந்து, கீழே சிங்காராவில் மின்சாரம் ஆவதை நாம் அறிவோம். அங்கே வேலை செய்வது நீர் மட்டுமன்று. மேலுக்கும் கீழுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடுதான் ஆற்றல். உட்செவியின் காக்ளியா என்ற பகுதியும் இதே ஏற்பாட்டைக் கொண்டது. நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும் இந்தக் குழலை நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதன் நடு அறையில் எண்டோலிம்ஃப் என்ற திரவம் இருக்கிறது. பொட்டாசியம் அயனிகள் மிகுந்த இத்திரவம் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. அறையின் பக்கச்சுவரில் உள்ள இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு திசு, ஓயாமல் பொட்டாசியத்தை இறைத்து இறைத்து இந்த மட்டத்தைக் காக்கிறது. பைக்காராவை மழை நிரப்புகிறது. இங்கே நிரப்புவது இரத்த ஓட்டம் தரும் ஆற்றல்.

அந்த அறையின் தரையில் ரோமச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால், வெளியே உள்ள எண்டோலிம்ஃபுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான மொத்த வேறுபாடு ஒரு டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எட்டுகிறது. ஓர் உயிர்ச்செல்லின் சவ்வுக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. ஒலி வந்ததும் தரைச்சவ்வு அதிர்கிறது. செல்லின் உச்சியில் உள்ள நுண்ரோமங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. ரோமத்தின் நுனியை அடுத்த ரோமத்தோடு கட்டியிருக்கும் மெல்லிய இழை இழுபட்டு, ஒரு நுண்ணிய மதகு திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. மிக மெல்லிய ஒலிக்கு இந்த ரோமங்கள் ஒரு நானோமீட்டர் அளவுகூட அசைவதில்லை, அதுவே மதகைத் திறக்கப் போதுமானதாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உள்வரிசையில் நிற்கும் ரோமச் செல்கள் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலை பெரும்பாலும் இவற்றுடையது. இவை வெளியிடும் வேதிப்பொருள் பட்டதும் செவிநரம்பின் ஏறத்தாழ 30,000 இழைகளில் மின்துடிப்புகள் எழுகின்றன. வெளிவரிசையில் நிற்கும் சுமார் 12,000 செல்கள் தாமே நீண்டு சுருங்கி மெல்லொலியைப் பெருக்கித் தருகின்றன. அவை அசையும்போது எழும் மெல்லிய எதிரொலி காதிலிருந்து வெளியே வருவதை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். பிறந்த குழந்தைகளுக்கு இன்று செய்யப்படும் ஓ.ஏ.ஈ. பரிசோதனை அதிலிருந்து வந்ததே. அது மின்சாரத்தை அளப்பதன்று, ஒலியை அளப்பது. எனினும் மின்வழிப் பரிசோதனைகளோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் மதிப்பு பன்மடங்காகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

1930-இல் அமெரிக்காவில் வீவர், பிரே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பூனையின் செவிநரம்பில் எலக்ட்ரோடு வைத்து, அதில் எழுந்த மின்னோட்டத்தைப் பெருக்கி, தொலைவில் ஓர் அறையில் இருந்த தொலைபேசிக் கேட்பானுக்கு அனுப்பினார்கள். ஒருவர் பூனையின் காதருகே பேச, மற்றவர் அங்கிருந்து அப்பேச்சைத் தெளிவாகக் கேட்டார். பூனையின் காது ஒரு மைக்ரோஃபோனாகவே செயல்பட்டது. நரம்பு அப்படியே பேச்சைச் சுமந்து செல்கிறது என்று முதலில் எண்ணினார்கள். அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி நரம்பிலிருந்தன்றி ரோமச் செல்களிலிருந்தே வருகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. இன்றும் அதற்கு 'காக்ளியர் மைக்ரோஃபோனிக்' என்பதே பெயர். ரோமச் செல்லின் மின்சாரமும் நரம்பின் மின்சாரமும் வேறு வேறு என்ற இந்தப் பாடம் இன்றைய பரிசோதனைகள் அனைத்துக்கும் அடித்தளம்.

பூனையின் நரம்பில் நேராக எலக்ட்ரோடு வைக்கலாம். மனிதரிடம் பெரும்பாலும் தோலின் மேலிருந்துதான் அளக்க வேண்டும். அங்கே வந்து சேரும் காதின் மின்சாரம் பெரும்பாலும் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே இடத்தில் மூளையின் பொதுவான மின்னலைகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. கழுத்துத் தசையின் மின்சாரம் இன்னும் பெரியது. தென்மேற்குப் பருவமழை நாளில் எஸ்டேட் லயன் வீட்டின் தகரக் கூரையடியில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கூரைமேல் பேரிரைச்சல்; மூலையில் ஒரு குழாய் சரியான இடைவெளியில் சொட்டுகிறது. ஒரு சொட்டின் ஒலியை அந்த இரைச்சலில் பிரித்துக் கேட்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சொட்டும் விழுகிற அதே கணத்திலிருந்து ஒலியைப் பதிந்து, இரண்டாயிரம் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், மழை ஒழுங்கற்றது என்பதால் தனக்குள்ளேயே கழிந்து தேய்கிறது. சொட்டு எப்போதும் அதே கணத்தில் வருவதால் தேயாமல் நிற்கிறது. பதிவுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு மடங்கு இரைச்சல் குறையும். 2,000 பதிவுகள் என்றால் ஏறத்தாழ 45 மடங்கு. பரிசோதனையின்போது காதில் 'டிக் டிக் டிக்' என்று ஓயாமல் கேட்கும் ஒலி இதற்காகத்தான்.

அந்த ஒலி நொடிக்குப் பத்து என்ற முழு எண்ணில் வராமல் 11.1 போன்ற ஒரு விசித்திரமான எண்ணில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. சுவர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நமது ஒலியும் 50-ஐ மிச்சமின்றி வகுக்கும் எண்ணில் வந்தால், மின்கம்பியின் இரைச்சலும் ஒவ்வொரு பதிவிலும் ஒரே இடத்தில் விழுந்து, தேயாமல் நின்று, காதின் விடை போலவே வேடம் போடும்.

மலைப்பகுதியில் இப்பரிசோதனையைச் செய்வதில் சமவெளியில் இல்லாத சில தொல்லைகள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும் காலையில் வருகிறவர், அறையில் ஹீட்டர் போடச் சொல்வது இயல்பு. ஆனால் அந்த ஹீட்டர்தான் 50 சுழற்சி இரைச்சலின் முதல் ஊற்று. பரிசோதனை தொடங்கும் முன் அதை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஹீட்டரை நிறுத்தினால் உடல் நடுங்கும். நடுங்கினால் கழுத்துத் தசை இறுகும். இறுகிய தசை தரும் இரைச்சல் ஹீட்டர் தருவதைவிட மோசம். ஆகவே முன்கூட்டியே அறையைச் சூடாக்கி, வந்தவரைக் கம்பளியால் போர்த்திப் படுக்கவைத்து, சற்று நேரம் கழித்து ஹீட்டரை நிறுத்துகிறோம். பிறகு நெற்றியிலும் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேலும் சொரசொரப்பான ஜெல்லைப் பஞ்சில் தொட்டு நன்றாகத் தேய்ப்போம். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றி வரை வழிந்திருந்தாலும், பனிக்கு வறண்ட தோல் செதில் செதிலாக இருந்தாலும் எலக்ட்ரோடு சரியாகத் தொடாது. கருவியில் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும் வரை மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும். தோல் சற்றுச் சிவக்கும்; மாலைக்குள் சரியாகிவிடும். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த வகையில் மிகப் பரவலானது, மருத்துவமனைகளில் 'பெரா டெஸ்ட்' என்று சொல்லப்படும் மூளைத்தண்டுப் பரிசோதனை. ஒலி காதை அடைந்த பத்து மில்லிவினாடிக்குள், செவிநரம்பிலிருந்து மூளைத்தண்டின் மேற்பகுதி வரை செய்தி பயணம் செய்யும்போது, வழியில் உள்ள நிலையங்கள் ஒவ்வொன்றும் ஓர் அலையை எழுப்புகின்றன. 1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் இவற்றுக்கு ரோமன் எண்களால் பெயரிட்டார்கள். முதல் அலை செவிநரம்பின் தொடக்கத்தைச் சேர்ந்தது; உரத்த ஒலிக்கு அது ஏறத்தாழ 1.5 மில்லிவினாடியில் வரும். ஐந்தாம் அலை 5.5 மில்லிவினாடியை ஒட்டி வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சுமார் 4 மில்லிவினாடி. முதல் அலை நேரத்தில் வந்து, ஐந்தாம் அலை மட்டும் தாமதமானால், காக்ளியாவைத் தாண்டி நரம்பில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். ஒரு காலத்தில் செவிநரம்புக் கட்டியைச் சந்தேகிக்க இதுவே முதன்மை வழியாக இருந்தது. சிறிய கட்டிகளை இது தவறவிடக்கூடும் என்பதால் இன்று அதை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் எடுக்கிறார்கள்.

ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் மற்ற அலைகள் மறைந்த பிறகும் ஐந்தாம் அலை நிற்கும். அதுவும் மறையும் இடத்தை வைத்துக் குழந்தையின் கேட்கும் திறனை மதிப்பிடுகிறோம். இங்கே பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 'டிக்' என்ற ஒலி காக்ளியாவின் உயர்சுருதிப் பகுதியையே பெரிதும் தட்டியெழுப்புகிறது; தாழ்ந்த சுருதியில் உள்ள குறையையோ எஞ்சியிருக்கும் திறனையோ அது சரியாகக் காட்டாது. ஆகவே குழந்தைக்குக் கேட்புக் கருவி பொருத்தும் முன், ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியே பார்க்கும் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

குழந்தை தூங்கினால்தான் பெரா நடக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் வரும் தாய், குழந்தை வழியெல்லாம் நன்றாகத் தூங்கியது என்று நிம்மதியோடு சொல்வார். பரிசோதனை அறையிலோ குழந்தை கண்ணை அகல விழித்துக்கொண்டு விளையாடும். அம்மாமார்களிடம் நான் வேண்டிக்கொள்வது, வழியில் எப்படியாவது விழித்திருக்கச் செய்து, இங்கு வந்து வயிறு நிறையப் பால் கொடுங்கள் என்பதே. சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தூக்க மருந்து தேவைப்படலாம்.

ஓ.ஏ.ஈ.யையும் பெராவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இப்போது வருகிறேன். சில குழந்தைகளுக்கு ஓ.ஏ.ஈ. மிக நன்றாக வரும். அதாவது வெளிவரிசைச் செல்கள் நலம். ஆனால் பெராவில் ஓர் அலைகூட எழாது. செவிநரம்பின் துடிப்புகள் ஒருசேர எழாமல் சிதறிப்போவதே இதற்குக் காரணம்; உள்வரிசைச் செல்லிலோ, அச்செல்லோடு நரம்பு சேரும் இடத்திலோ, நரம்பிலோ பழுது இருக்கலாம். 1996-இல் ஆர்னால்ட் ஸ்டாரும் உடன் ஆய்ந்தவர்களும் இதற்கு 'ஆடிட்டரி நியூரோபதி' என்று பெயரிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையாக வந்தவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம். ஓ.ஏ.ஈ.யை மட்டும் பார்த்து 'காது நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிட்டால், குழந்தைக்குப் பேச்சு வராதபோதுதான் தவறு தெரியும். ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளுக்குப் பெரா வகைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

திரையில் தெரியும் அலை ரோமச் செல்லுடையதா, நரம்புடையதா என்று பிரித்தறியும் முறை மிக அழகானது. 'டிக்' ஒலியைக் காற்றை முதலில் அழுத்தும் விதமாகவும், பிறகு முதலில் தளர்த்தும் விதமாகவும் மாற்றிக் கொடுப்போம். ரோமச் செல்லின் மைக்ரோஃபோனிக் மின்சாரம் ஒலியின் நகல் என்பதால் உடனே தலைகீழாகப் புரண்டுவிடும். நரம்பின் அலையோ எப்படிக் கொடுத்தாலும் நிமிர்ந்தே நிற்கும். இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று எதிரெதிராகப் புரண்டு, அதற்குப் பின் வெறுமையாக ஓடுவதைத் திரையில் கண்டால், செல் பேசுகிறது, நரம்பு பேசவில்லை என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

குழந்தை பிறந்த முதல் மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. நம் நாட்டில் குழந்தைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிச் செவிக்குறையும் அடங்கும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், செவிநரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியை உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வழி இருக்கும்போது காலத்தை இழப்பதுதான் பெரிய இழப்பு.

இனி, இக்கட்டுரையைத் தொடங்கிய காது அடைப்புக்குத் திரும்பலாம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இடது காது அவ்வப்போது அடைக்கிறது. உள்ளே அருவி விழுவதைப் போன்ற தாழ்ந்த இரைச்சல். பிறகு உலகமே சுழல்வது போன்ற தலைசுற்றலும் வாந்தியும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்குகிறது, காதும் தெளிகிறது. சில வாரங்கள் கழித்து மீண்டும் வருகிறது. மலைப்பாதைப் பயணமோ, பித்தமோ, இரத்த அழுத்தமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறார். இது மெனியர் நோயாக இருக்கலாம். உட்செவியிலிருந்து தலைசுற்றல் வரக்கூடும் என்று 1861-இல் பாரிஸில் எடுத்துரைத்த புரோஸ்பெர் மெனியரின் பெயரே நோய்க்கு வழங்குகிறது. எண்டோலிம்ஃப் அளவுக்கு மீறித் தேங்கி, நடு அறை உப்பிப் போவதே இதில் காணப்படும் அடிப்படை மாற்றம்.

அந்த உப்பலின் தடயத்தைத் தேடும் பரிசோதனைதான் எலக்ட்ரோகாக்ளியோகிராஃபி, பேச்சுவழக்கில் 'ஈகாக்'. பெராவில் நாம் பார்ப்பது முழுப் பாதையை. இதில் முதல் இரண்டு மூன்று மில்லிவினாடியை மட்டும் உருப்பெருக்கிப் பார்க்கிறோம். ஆகவே எலக்ட்ரோடையும் ஊற்றுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். மெல்லிய தங்கத்தாள் சுற்றிய நுரைமுனையைக் காதுத்துளையில் வைப்பது மிக எளிய முறை. அதில் கிடைக்கும் அலை சிறியது. ஈரமான மென்முனை கொண்ட எலக்ட்ரோடைச் செவிப்பறையையே தொடும்படி வைத்தால் அலை பெரிதாகும். சற்றுக் கூச்சமும் அழுத்தமும் தெரியும், வலி பெரும்பாலும் இராது. மிகத் தெளிவான அலை வேண்டுமானால், செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசி எலக்ட்ரோடை அதன் வழியே காக்ளியாவின் எலும்புச் சுவர் வரை செலுத்துவார்கள். இதைக் காது மருத்துவர் மட்டுமே செய்யலாம்.

திரையில் தோன்றும் கோடு மலைச்சரிவைப் போல இருக்கும். சமதரையில் வந்துகொண்டிருக்கும் பாதை முதலில் சற்றே உயர்ந்து ஒரு சிறு திட்டாகிறது. அங்கிருந்து செங்குத்தாக ஏறிச் சிகரத்தைத் தொடுகிறது. சிகரம், நரம்பிழைகள் ஒருசேரத் துடித்ததன் விளைவு. பெராவின் முதல் அலையும் இதுவே. அதற்கு முன்னுள்ள திட்டு, ரோமச் செல்களிலிருந்து பெரிதும் எழும் 'சம்மேட்டிங் பொட்டென்ஷியல்'. நடு அறை உப்பினால், தரைச்சவ்வு தன் இயல்பான இடத்திலிருந்து விலகி, மேலும் கீழும் ஒரே அளவில் அதிர முடியாமல் போகிறது. அந்த ஏற்றத்தாழ்வு திட்டை உயர்த்திக் காட்டுகிறது. ஆகவே திட்டின் உயரத்தைச் சிகரத்தின் உயரத்தால் வகுக்கிறோம். திட்டு 0.15 மைக்ரோவோல்ட், சிகரம் 0.5 என்றால் விகிதம் 0.3, பெரும்பாலான ஆய்வகங்களில் இது இயல்பு. சிகரம் அதே 0.5 ஆக இருக்க, திட்டு 0.3-க்கு உயர்ந்தால் விகிதம் 0.6; உட்செவித் திரவம் தேங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் உண்டு. எல்லைக்கோடு பொதுவாக 0.4, 0.5 ஆகியவற்றை ஒட்டி இருக்கும். எந்த வகை எலக்ட்ரோடு, எந்தக் கருவி என்பதைப் பொறுத்து ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென்று வகுத்துக்கொள்ள வேண்டிய எண் அது. வேறொரு மருத்துவமனையின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை.

இந்த எண்ணை நோயின் பெயராகவே எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மெனியர் நோய் உறுதியாக உள்ள பலருக்கும் விகிதம் இயல்பாகவே வருவதுண்டு. உட்செவியின் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பு தேய்ந்து திறந்திருப்பவர்களுக்கு மெனியர் இல்லாமலேயே விகிதம் உயரும். கேட்கும் திறன் மிகவும் குறைந்துவிட்டவருக்குச் சிகரமே சரியாக எழாது. சிகரம் இல்லாமல் விகிதம் ஏது? 2015-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நோயறி விதிகள், 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றல் குறைந்தது இரு முறை வந்திருப்பது, தாழ்சுருதி அல்லது நடுச்சுருதியில் கேட்புக் குறை ஆடியோகிராமில் பதிவாகியிருப்பது, அடைப்பும் இரைச்சலும் ஏறி இறங்குவது ஆகியவற்றையே கேட்கின்றன, ஈகாக்கைக் கேட்கவில்லை. நோயை நிறுவுவதற்காக வழக்கமாக ஈகாக் எழுத வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. இது சரியான நிலைப்பாடு என்றே கருதுகிறேன். அறிகுறிகள் அரைகுறையாக இருந்து மருத்துவர் இரு மனமாக நிற்கும்போது, இரு காதுகளில் எது என்று தெளிய வேண்டியபோது, அறுவைச் சிகிச்சையின்போது உட்செவியின் நிலையை நொடிக்கு நொடி கவனிக்க வேண்டியபோது, ஈகாக் உண்மையில் உதவுகிறது. கண்டதற்கெல்லாம் எழுதினால் செலவும் குழப்பமும்தான் மிஞ்சும்.

இதில் காலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. தேக்கம் ஏறி இறங்கக் கூடியது என்பதால், அடைப்பும் இரைச்சலும் இருக்கும் நாளில் எடுக்கும் ஈகாக்கில் மாற்றம் தென்படும் வாய்ப்பு அதிகம். எல்லாம் தெளிந்து நான்கு வாரம் கழித்து எடுத்தால் கோடு இயல்பாகவே வரக்கூடும். ஆடியோகிராமுக்கும் இதே நிலைதான். ஆனால் தலைசுற்றி வாந்தி எடுப்பவரை அந்த நாளிலேயே கொண்டைஊசி வளைவுகள் வழியே கோயம்புத்தூருக்கு அழைத்துப் போவது கொடுமை; சுற்றல் அடங்கி, அடைப்பு மட்டும் எஞ்சியிருக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போவதே நடைமுறைக்கு ஒத்தது. அதுவரை மலையிலேயே ஓர் ஆடியோகிராம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். ரோலரும், தேயிலையை நொறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரமும் ஓடும் இரைச்சலில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தால், அந்த இரைச்சலின் தற்காலிக மந்தமும் ஆடியோகிராமில் சேர்ந்துகொள்ளும். ஆகவே முந்தின நாள் விடுப்பு எடுத்து, காது ஓய்ந்த பிறகு வருவது நல்லது.

போகும்போது ஒரு சிறு நோட்டும் உடன் இருக்கட்டும். எந்தத் தேதியில் அடைப்பு தொடங்கியது, எந்தக் காது, இரைச்சல் எப்போது ஏறியது, தலைசுற்றல் எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று மலை இறங்கிய பயணம் உண்டா இல்லையா என்று தேதிவாரியாக எழுதிய நான்கு பக்கங்களும், பழைய ஆடியோகிராம்களும் மேசைமேல் விரிந்திருந்தால், திரையில் வரும் 0.6 என்ற எண்ணை மருத்துவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பது அவற்றிலிருந்தே தெரிந்துவிடும்.